ரோஷமும் நிதானமும்

வட சென்னையில் குத்துச்சண்டை கொடிகட்டிப் பறந்த நாட்களில், சுவர்களில் ஒட்டப்பட்ட போட்டி விளம்பரங்கள் ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று அறைகூவி ஜனங்களை அழைத்தன. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கட்சி பிரிந்து நின்று, துறைமுகத்துத் தொழிலாளரும் மீனவரும் மில் தொழிலாளரும் வளர்த்த கலை அது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்ற படத்தின் வாயிலாக இக்காலத்து வாலிபரும் அதனை ஓரளவு அறிந்துகொண்டனர். அந்த விளம்பரத்தில் நம் சிந்தையைக் கவர்வது ‘ரோஷம்’ என்னும் ஒரு சொல்லே. வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு விளையாட்டுக்குத் தமிழன் தன் உள்ளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த அடைமொழி அது. ரோஷமில்லாதவன் கோதாவில் இறங்க மாட்டான் என்பது மெய். ஆனால் இறங்கிய பிறகு அவனைக் காப்பது ரோஷமா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

இக்கேள்வி நமக்கு ஏட்டைப் புரட்டுகையில் தோன்றியதன்று. சென்ற ஆண்டு அயலூர் ஒன்றில் நடந்த பள்ளிப் பிள்ளைகளின் குத்துச்சண்டைப் போட்டியைக் காணச் சென்றிருந்தோம். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் இங்கு வேண்டுவதில்லை. நம் பக்கத்துச் சிறுவன் ஒருவன், வயது பதினாறு, தாயார் நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவர். முதல் ரவுண்டில் அவன் சற்றுப் பின்தங்கினான், தோற்றுவிடவில்லை. எதிரி இடக்கையால் இரண்டு மூன்று நேர்க்குத்துக்கள் வைத்தான், அவ்வளவே. மணி அடித்ததும் சிறுவன் தன் மூலைக்குத் திரும்பினான். அங்கே அவனுக்குக் கிடைத்தது என்ன? மூச்சு வாங்க அவகாசம் இல்லை. ‘உனக்கு ரோஷம் இல்லையா? சோறுதானே தின்கிறாய்?’ என்ற வசவும், கன்னத்தில் ஓர் அறையும் கிடைத்தன. அறுபது வினாடியும் அப்படியே கழிந்தது. இரண்டாவது ரவுண்டுக்கு மணி அடித்தவுடன் பிள்ளை ரோஷத்தோடு பாய்ந்தான். இரு கைகளும் காற்றாடியைப் போலச் சுழன்றன. முகத்தைக் காக்க ஒரு கையும் மிஞ்சவில்லை. எதிரி ஓரடி பின்வாங்கி, நேராக ஒரு குத்து விட்டான். நடுவர் எட்டு வரையில் எண்ணினார், போட்டி நிறுத்தப்பட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் நமக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தான். தலை வலிக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்று தலையசைத்துவிட்டு, ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கொண்டான். அவன் பொய் சொன்னான் என்பதை அறிய வக்கீல் தொழில் பழகியிருக்க வேண்டுமென்பதில்லை.

அந்த வாத்தியார் கெட்டவரல்லர். தம் கைப்பணம் செலவிட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுப்பவர். அவருக்கு அவருடைய வாத்தியார் கற்பித்த முறை அது. வேறு முறையுண்டு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. இதுவே நம் மனவருத்தம். உடம்பைப் பழக்க நூறு வழி வைத்திருக்கும் நாம், மனத்தைப் பழக்க ஏச்சு என்னும் ஒரே கருவியை வைத்திருக்கிறோம்.

நிற்க. மனோதத்துவ சாஸ்திரிகள் இவ்விஷயத்தை நூறாண்டுக்கு மேலாகவே ஆராய்ந்து வருகின்றனர். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து ஒரு பரீட்சை செய்தனர். இரண்டு வழிகளில் சரியானதைத் தேர்ந்துகொள்ள எலிகள் கற்க வேண்டும்; தவறினால் சிறு மின்னதிர்ச்சி. வேலை எளிதாயிருந்தபோது அதிர்ச்சி பலப்படப் பலப்பட எலிகள் விரைவாகக் கற்றன. இரண்டு வழிகளுக்கும் வேற்றுமை நுட்பமாக இருந்தபோதோ, அதிர்ச்சி ஓர் அளவுக்கு மேற்சென்றதும் எலிகள் தடுமாறின. நடுத்தரமான தூண்டுதலே அங்கு நன்மை செய்தது. எலிக்குக் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தலாகாதுதான். ஆயினும் பின்வந்தோர் மனிதரிடத்தில் கண்டதும் பெரும்பாலும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. மனக்கிளர்ச்சி மிகுந்தால் கவனிக்கும் எல்லை குறுகிவிடும் என்று 1959இல் ஈஸ்டர்புரூக் என்பவர் எழுதினார். எதிரியின் தோள் அசைவதையும் கால் மாறுவதையும் கண்டு அவன் அடுத்த குத்தை உணர வேண்டிய வீரன், கோபம் தலைக்கேறியவுடன் அவன் முகத்தை மட்டுமே காண்கிறான். பளு தூக்குபவனுக்கு ரோஷம் ஒருவேளை உதவலாம். எதிராளி வந்து இடையூறு செய்யும் போரில் தூரத்தையும் காலத்தையும் கணிப்பவனுக்கு அது கண்ணைக் கட்டிவிடுகிறது.

இதற்குச் சுண்டெலிச் சாட்சியம் போதாதென்பார்க்கு 1980ஆம் ஆண்டின் இரண்டு போர்களைக் காட்டுவோம். அவ்வாண்டு ஜூன் 20ஆம் தேதி மாண்ட்ரீல் நகரத்தில் பனாமா நாட்டு ராபர்ட்டோ டுரான், அமெரிக்கரான ஷுகர் ரே லெனார்டை எதிர்த்தார். ‘கல் கைகள்’ என்று பட்டம் பெற்றவர் டுரான். போருக்கு முந்திய நாட்களிலேயே அவர் லெனார்டைக் கண்டவிடமெல்லாம் வசை பாடினார். அவருடைய மனைவியையும் விட்டுவைக்கவில்லை. லெனார்டுக்கு ரோஷம் வந்தது. ஓடியும் விலகியும் ஆடுவதில் நிகரற்றவரான அவர், அன்று தம் வித்தையை ஒதுக்கிவிட்டு, நின்ற இடத்தில் நின்று டுரானோடு மோதினார். பதினைந்து ரவுண்டும் நடந்து டுரான் வென்றார். குத்து விழுவதற்கு முன்பே அந்தப் போர் பாதி முடிந்துவிட்டது என்று நாம் சொல்லுவோம்.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 25ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருவரும் மறுபடியும் சந்தித்தனர். இம்முறை லெனார்டு தம் வழியில் ஆடினார். விலகினார், சுற்றினார், கையைச் சுழற்றிக் கேலி செய்தார். ஏளனம் செய்தே வென்ற டுரானால் ஏளனத்தைத் தாங்க முடியவில்லை. எட்டாவது ரவுண்டில், விழாமலே, ரத்தம் சிந்தாமலே, போதும் என்று திரும்பிவிட்டார். வயிற்று வலி என்று பிறகு காரணம் சொல்லப்பட்டது. போருக்காக அவசர அவசரமாக எடையைக் குறைத்ததும் உண்மையே. எதுவாயினும், உலகத்தில் எவர் குத்தாலும் அசையாத மனிதர் அன்று குத்தின்றியே அசைந்தார். இரண்டு போர்களிலும் ஆட்கள் அவர்களே. ஐந்து மாதத்தில் அவர்கள் உடம்பு தலைகீழாக மாறிவிடவுமில்லை.

வக்கீல் தொழிலில் இதை நாம் தினந்தோறும் காண்கிறோம். குறுக்கு விசாரணையில் கோபம் கொண்ட வக்கீல் கேட்கக்கூடாத அந்த ஒரு கேள்வியைக் கேட்டே தீருவார். கட்சிக்காரர் கேஸ் போய்விடும். கோர்ட்டு வேண்டாம், நம் பனியன் கம்பெனிகளுக்குச் செல்லுங்கள். வீட்டில் சண்டையிட்டுவிட்டு வந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன் பீஸைக் கெடுப்பான், அல்லது ஊசியில் விரலைக் கொடுப்பான். மேஸ்திரிகள் இதை அறிவார்கள். குத்துச்சண்டை வாத்தியாருக்கு மட்டும் இது ஏன் புதுமையாகத் தோன்ற வேண்டும்?

இனி, மனப்பயிற்சி என்பதுதான் என்ன? மந்திரமுமன்று, மயக்கமுமன்று. மேல்நாட்டுப் பயிற்சிக்கூடங்களில் பல்லாண்டுகளாகக் கையாளப்பட்டுவரும் முறைகளில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு உடனே உதவக்கூடியவை சில உண்டு.

முதலாவது அந்த அறுபது வினாடி. குத்துச்சண்டையில் மூன்று நிமிஷம் போர், ஒரு நிமிஷம் ஓய்வு. ஓய்வு நிமிஷத்தை நாம் வசவுக்குச் செலவிடுகிறோம். தேர்ந்த வாத்தியார் அதனை எங்ஙனம் செலவிடுகிறார்? பிள்ளையை உட்கார வைத்து, முதலில் ஒன்றும் பேசுவதில்லை. மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடச் செய்கிறார். வெளிமூச்சு நீளும்போது இருதயத்தின் ஓட்டம் தணிகிறது என்பது தேகதத்துவ நூலார் அறிந்த விஷயம். பிராணாயாமம் பழகிய நம் நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு தணிந்த பிறகே காது கேட்கும். அப்போது ஒரு கட்டளை, மிஞ்சினால் இரண்டு. ‘இடக்கையை உடனே திருப்பி எடு.’ ‘அவன் வலப்பக்கம் போகாதே.’ அவ்வளவே. ஐந்து கட்டளை சொன்னால் பிள்ளை ஒன்றும் கொள்ள மாட்டான். எழுந்து நிற்கும்போது அந்தக் கட்டளையை அவனே திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறான். தடித்த புத்தகங்களில் விரித்துரைக்கப்படும் சாஸ்திரத்தின் சாரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது என்று நாம் கருதுகிறோம்.

இரண்டாவது, தனக்குத்தானே சொல்லிக் கொள்ளும் சொல். ஒவ்வொருவனும் போரில் தனக்குள் எதையோ பேசிக்கொண்டுதான் இருக்கிறான். ‘அடி விழுந்துவிட்டதே, எல்லோரும் பார்க்கிறார்களே’ என்பதே பலருக்கும் அந்தப் பேச்சு. அதற்குப் பதிலாக ‘கை மேலே’, ‘கால், கால்’ என்பன போன்ற குறுஞ்சொல்லை முன்கூட்டிப் பழக்கி வைத்தால் காரியம் செவ்வையாகிறது. 2011இல் ஹட்ஸிஜியார்ஜியாடிஸ் முதலிய கிரேக்க ஆராய்ச்சியாளர்கள் 32 ஆராய்ச்சிகளைச் சேர்த்து நோக்கி, இம்முறை விளையாட்டுத் திறனை நடுத்தர அளவில் உயர்த்துகிறது என்று கண்டனர். நடுத்தரம் என்பதைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டாம். ஒரு குத்து வித்தியாசத்தில் பதக்கம் மாறும் விளையாட்டில் நடுத்தர லாபம் சொற்பமன்று.

மூன்றாவது, மனக்கண்ணால் போரை நடத்திப் பார்த்தல். இதைப் பகற்கனவென்று பரிகசிப்பார் உண்டு. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் ரங்கநாதன் முதலியோர் செய்த ஆராய்ச்சியை அவர்கள் நோக்குவாராக. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிஷம், சுண்டுவிரலை முழு பலத்தோடு விலக்குவதாக மனத்தில் மட்டும் எண்ணிப் பழகியவர்களுக்கு அவ்விரலின் பலம் 35 சதவிகிதம் கூடிற்று. உண்மையில் விரலை அசைத்துப் பழகியவர்களுக்குக் கூடியது 53 சதவிகிதம். அப்பியாசம் செய்யாதிருந்து எண்ணினால் போதும் என்பது இதன் பொருளன்று. எண்ணமும் அப்பியாசத்தில் ஒரு பகுதி என்பதே பொருள். மழையால் மைதானம் கெட்ட நாளிலும், கை சுளுக்கிய வாரத்திலும், இரவு ஷிப்டு முடித்துப் பிள்ளை களைத்துப் படுக்கும் நேரத்திலும் இப்பகுதி நடைபெறலாம். ஆனால் வெற்றியை மட்டும் கனவு காணலாகாது. முதல் ரவுண்டில் பின்தங்குவதாகவும், நடுவர் தீர்ப்புப் பாதகமாவதாகவும், கூட்டம் எதிரிக்காகக் கூவுவதாகவும் எண்ணி, அங்கே தான் செய்வது இன்னதென்று பழகி வைப்பதே பயன் தருவது.

‘இவையெல்லாம் பணக்கார தேசங்களின் ஆடம்பரம், நமக்கு முதலில் ஒரு கோதா கொடுங்கள், நல்ல கையுறை கொடுங்கள்’ என்று அன்பர் சிலர் கூறுவர். கோதாவும் கையுறையும் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயமில்லை. ஆயினும் மேலே சொன்ன மூன்றில் எதற்குக் காசு வேண்டும்? கோதா இல்லாமையினாலேயே மூச்சும் இல்லாமற் போக வேண்டுமா? அன்றியும் நம் தமிழ்நாட்டிலேயே இதன் பயனைக் கண்டுவிட்டோம். சென்னைச் சிறுவர் குகேஷ் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் சதுரங்க உலகச் சாம்பியன் ஆனார். முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பாடி அப்டன் என்ற மனப்பயிற்சி ஆசானை அவர் முன்னதாகவே துணைக்கொண்டிருந்தார்; 2011இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் துணை நின்றவர் இந்த அப்டன். சதுரங்கத்தில் மூக்கில் குத்து விழுவதில்லை. முகத்தில் அடி வாங்கிக் கொண்டே யோசிக்க வேண்டியவனுக்கு இந்தத் துணை இன்னும் எவ்வளவு அவசியம்!

மற்றொரு ஆட்சேபமும் உண்டு; நம் வாசகரில் தேசத்தொண்டு புரிந்தோர் சிலரே அதனை நம்மிடம் கூறினர். மனத்தைத் தடவிக் கொடுத்தால் பிள்ளைகள் மென்மையாகிவிடுவார்கள், ஏச்சும் அடியுமே உரமேற்றும் என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்கு அவர்கள் சரித்திரத்தையே நினைவூட்டுவோம். 1930ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் சத்தியாக்கிரகிகளுக்கென விதிகளை வெளியிட்டபோது, கோபங்கொள்ளலாகாது என்பதையே முன்வைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியம் சென்ற தொண்டரும், மே மாதத்தில் தாராசனையில் தடியடிக்கு நின்றவரும் ரோஷமற்றவர்களா? 1932 ஜனவரியில் நம் திருப்பூர் வீதியில் மண்டை பிளந்தும் கொடியை விடாத குமரன் மென்மையானவனா? அவர்கள் ரோஷத்தைக் கட்டி ஆண்டார்கள். அது அவர்களை ஆளவில்லை. அடி விழும்போது கையை ஓங்காமலிருக்கும் மனமும், அடி விழும்போது கையைத் தாழ்த்தாமலிருக்கும் மனமும் வெவ்வேறு காரியத்துக்கானவை என்றாலும், இரண்டும் பழக்கத்தினாலேயே வருகின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். மனோதிடம் என்ற பெயரால் நோவை மறைக்கக் கற்பிப்பது பெரும்பாவம். குத்துச்சண்டைக்காரருக்கு மூளை கலங்கும் நோயை 1928ஆம் ஆண்டிலேயே மார்ட்லாந்து என்ற அமெரிக்க வைத்தியர் எழுதி வெளியிட்டார். தலையில் அடிபட்டு வீழ்ந்த வீரன் குறைந்தது 30 நாள் போட்டியில் இறங்கலாகாதென்று குத்துச்சண்டைச் சங்கங்கள் விதி வகுத்திருக்கின்றன. விதி ஏட்டில் இருக்கிறது. பஸ்ஸில் நம் முன்னிருந்த பிள்ளையோ, தலை வலிக்கிறது என்றால் கோழையென்பார்கள் என்றஞ்சி வாய் திறவாதிருந்தான். ‘கிறுகிறுக்கிறது’ என்று சொல்லும் தைரியமும் மனப்பயிற்சியில் ஒன்று; அதை முதலில் கற்க வேண்டியவர் வாத்தியார்.

எடைக் குறைப்பும் அவ்வாறே. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோல்வியே அறியாதிருந்த ஜப்பானிய வீராங்கனை சுசாகியை வீழ்த்தி இறுதிப் போட்டிக்குச் சென்றதையும், மறுநாள் காலையில் 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் மிகுந்தது என்று விலக்கப்பட்டதையும் தேசமே கண்டு தவித்தது. இரவெல்லாம் நீரின்றி ஓடி வியர்க்கும் ஒருவருக்கு உடம்பு மட்டுமா வாடும்? அதே வீராங்கனை, 2021இல் டோக்கியோவில் தோற்றுத் திரும்பிய பிறகு, தம் மனம் உடைந்துபோயிருந்ததை வெளிப்படையாகவே எழுதினார். அசாமியக் குத்துச்சண்டை வீராங்கனை லவ்லினா போர்கொஹெய்ன், டோக்கியோவில் வெண்கலம் வென்றவர், 2022 ஜூலையில் காமன்வெல்த் போட்டிக்குச் சில நாள் முன்னர், தம் ஆசிரியை உடனிருக்க இயலாது தாம் படும் மன உபத்திரவத்தை ஊரறியச் சொன்னார், காலிறுதியில் தோற்றார். தோல்விக்கு அது ஒன்றே காரணமென்று நாம் தீர்ப்பெழுதவில்லை. ஆனால் தங்கள் மனத்தைப் பற்றிப் பேசும் தைரியத்தில் நம் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளே முந்தி நிற்கின்றனர் என்பது தெளிவு.

உடுமலையில் என்ன செய்யலாம்? 1962இல் தொடங்கிய அமராவதிநகர் சைனிக் பள்ளி நம் தாலுகாவிலேயே இருக்கிறது. ராணுவத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கும் அவ்விடத்து உபாத்தியாயர்களுக்குக் கட்டுப்பாட்டைக் கற்பிக்கும் வழி தெரியும். சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரிலுள்ள உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அங்கே விளையாட்டு மனோதத்துவத்துக்கென ஒரு துறையே உண்டு. அத்துறையில் தேர்ந்த வாலிபர் ஒருவரை ஜில்லாவுக்கு ஒருவராக நியமிக்கும்படி விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தை வற்புறுத்துகிறோம். பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க அன்று; வாத்தியார்களுக்கு வகுப்பெடுக்க. குத்துச்சண்டைக்கு மட்டுமன்றிச் சிலம்பம், மல்யுத்தம், ஜூடோ கற்பிப்போரும் அதில் சேரட்டும். கம்பு சுழற்றுபவனுக்கும் நிதானம் வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் 2028இல் நடைபெறும் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை உண்டென்று 2025 மார்ச்சில் முடிவாகிவிட்டது, காலம் அதிகமில்லை.

சர்க்கார் உத்தரவு வரும்வரையில் காத்திருக்க வேண்டியதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் காரியாலயத்தின் மாடி காலியாகவே இருக்கிறது. பாயும் விளக்கும் நாம் தருவோம். இந்தப் பக்கத்து வாத்தியார்கள் அறுபது வினாடிக்கு ஒரு கடிகாரத்தையும், தம் பிள்ளைகளில் இருவரையும் அழைத்துக் கொண்டு வரலாம். முன்னே சொன்ன வாத்தியாருக்கு நாம் தனியே கடிதம் எழுதியிருக்கிறோம். வருவதாகப் பதில் எழுதியிருக்கிறார்.